நடுவர் யார் பக்கமும் சாயாதவரா? அறிவுசார் சொத்து, வணிக வழக்குகளுக்கான முழுமையான வழிகாட்டி

வணிகத் தகராறில் தோற்ற தரப்பு, தீர்ப்பைப் படித்து முடித்த கையோடு, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட நடுவரின் பின்னணியைத் தோண்டத் தொடங்கும். எந்த நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்னார், எந்த வழக்கறிஞரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார், யார் செலவில் நடந்த மாநாட்டில் பேசினார் என்று தேடுவார்கள். ஏதாவது ஒன்று சிக்கிவிட்டால், ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கும் அதற்குக் கொட்டிய பணமும் ஆட்டம் கண்டுவிடும். அந்தத் தேடலை முதல் நாளே நீங்கள் செய்து முடித்துவிட வேண்டும்.

அறிவுசார் சொத்து வழக்குகளில் இது கூடுதல் சிக்கல். வீடியோ சுருக்கத் தொழில்நுட்பம் பற்றிய ஒரு காப்புரிமையைப் படித்து, அதன் உரிமைக்கோரல்கள் (எது பாதுகாக்கப்படுகிறது என்று வரையறுக்கும் வரிகள்) எதுவரை செல்லும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சிறு வட்டம்தான். அந்த வட்டத்தில் இருப்பவர் ஏதோ ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்துக்கு வேலை பார்த்திருப்பார். “எவரோடும் தொடர்பே இல்லாதவர்தான் வேண்டும்” என்று பிடிவாதம் பிடித்தால் விஷயமே தெரியாத ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே கேட்க வேண்டியவை நான்கு: என்ன தொடர்பு, எப்போது, எவ்வளவு பணம், அதை அவரே முன்வந்து சொன்னாரா. நான்காவது கேள்விக்கான விடைதான் பெரும்பாலும் வழக்கின் தலைவிதியை முடிவு செய்கிறது.

1968-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு செய்த காமன்வெல்த் கோட்டிங்ஸ் வழக்கைப் பாருங்கள். மூன்று நடுவர்களில் பொதுவானவராக உட்கார்ந்தவர் ஒரு பொறியியல் ஆலோசகர். ஒரு தரப்பு அவருடைய வாடிக்கையாளர். நான்கைந்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த கட்டணம் ஏறத்தாழ 12,000 டாலர். அவர் ஒருபக்கமாக நடந்துகொண்டார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் தீர்ப்பு ரத்தானது. அந்தத் தொடர்பை எதிர்த்தரப்புக்கு யாரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

இந்த வழிகாட்டி நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கும், வழக்கறிஞர்களுக்கும், நடுவராக உட்கார அழைப்பு வந்தவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது.

தொடங்கும் முன்: இரண்டு அளவுகோல்கள்

சார்பின்மை என்பது வெளியே தெரியும் உறவுகளைப் பற்றியது. பணம், பதவி, பங்கு, குடும்பம், வேலை. ஆவணங்களை வைத்து அளந்துவிடலாம். நடுநிலை என்பது மனதுக்குள் இருப்பது. அதை யாரும் பார்க்க முடியாது, நடத்தையை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஒருவருக்கு எந்தத் தரப்போடும் ஒரு காசு தொடர்பில்லாமல் இருக்கலாம், ஆனாலும் மென்பொருளுக்குக் காப்புரிமையே கூடாது என்று மேடைதோறும் முழங்குபவராக இருக்கலாம். அவர் சார்பற்றவர்; நடுநிலையாளரா என்பது வேறு கேள்வி.

அதே போல, எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோல், எதற்காக விலக்க வேண்டும் என்பதற்கு வேறொன்று. சொல்வதற்கான அளவு, தரப்புகளின் கண்ணோட்டம்: அவர்களுக்குச் சந்தேகம் எழக்கூடுமா? விலக்குவதற்கான அளவு, விவரம் தெரிந்த நியாயமான மூன்றாம் மனிதரின் கண்ணோட்டம்: அவருக்கு இது நியாயமான சந்தேகமாகப் படுமா? முதலாவது அகலமான வலை, இரண்டாவது குறுகியது. சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி விலக்குவதற்குப் போதாது, அது இயல்புதான். இந்த வேறுபாடு புரியாமல் நடுவர் ஒரு விஷயத்தைச் சொன்ன உடனே “ஆகா, ஒப்புக்கொண்டுவிட்டார்” என்று பாய்வது அவசரம்.

படி 1: ஒப்பந்தத்திலேயே கதவைச் சரியாக வையுங்கள்

உரிம ஒப்பந்தமோ கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தமோ எழுதும்போது, தகராறு விதியைக் கடைசிப் பக்கத்தில் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெட்டி ஒட்டுவார்கள். தவறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

“உரிமம் தருபவர் நியமிக்கும் ஒரே நடுவர்” என்ற வரி இருந்தால் உடனே அடித்துவிடுங்கள். ஒரு தரப்பு மட்டும் தனியாக நடுவரை நியமிக்கும் விதி பல நாடுகளில் இப்போது நிற்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில், வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்றது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும், பொதுத்துறை ஒப்பந்தங்களில் இப்படி ஒருதலைப்பட்சமாக நியமிக்க வழி செய்யும் விதிகளை ஏற்கவில்லை.

தரப்புகள் இரண்டுக்கு மேல் போனால் இன்னும் கவனம் வேண்டும். உரிமம் தருபவர், உரிமம் பெற்றவர், துணை உரிமம் பெற்றவர் என மூவர் இருக்கும்போது “ஆளுக்கொரு நடுவர்” என்பது கணக்குக்கு வராது. பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசேஷன் 1992-ல் டட்கோ வழக்கில் இதைத்தான் எதிர்கொண்டது. நலன்கள் மாறுபட்ட இரண்டு எதிர்த்தரப்புகளைச் சேர்ந்து ஒரே நடுவரைத் தேர்வு செய்யும்படி வற்புறுத்தியதால், நியமனத்தில் சமத்துவம் இல்லை என்று தீர்ப்பு விழுந்தது. எனவே இப்படி எழுதுங்கள்: “இரண்டுக்கு மேற்பட்ட தரப்புகள் இருந்து, ஒருமித்து நியமிக்க முடியாவிட்டால், மூன்று நடுவர்களையும் நடுவர் நிறுவனமே நியமிக்கும்.”

தகுதி விதியை அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். “இன்ன தொழில்நுட்பக் காப்புரிமையில் 15 ஆண்டு அனுபவம், இன்ன மொழி, இன்ன நாட்டு உரிமம்” என்று அடுக்கினால் மிச்சமிருப்பது நான்கு பேர். அதில் மூவர் எதிர்த்தரப்புக்கு ஏற்கனவே வேலை செய்தவர்களாக இருப்பார்கள். தலைமை நடுவருக்குச் சட்ட அனுபவம் போதும் என்று வைத்து, தொழில்நுட்ப அறிவை மற்ற இருவரிடமோ நிபுணரிடமோ எதிர்பார்ப்பது நல்லது.

படி 2: பெயர்ப் பட்டியலை முழுமையாக்குங்கள்

நடுவர் தன் தொடர்புகளைத் தேட வேண்டுமானால், எந்தப் பெயர்களைத் தேடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வழக்கில் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு அவர் சொல்லவில்லை என்று குறைபடுவதில் நியாயமில்லை. கொடுக்க வேண்டியவை:

தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், கட்டுப்படுத்தும் பங்கு வைத்திருப்பவர்கள்.

வழக்கில் உள்ள ஒவ்வொரு காப்புரிமையின் எண்ணும், அதே கண்டுபிடிப்புக்கு மற்ற நாடுகளில் உள்ள குடும்ப எண்களும். காப்புரிமை கைமாறியிருந்தால் முந்தைய உரிமையாளர்கள் எல்லோரும். இன்று வழக்குப் போடும் நிறுவனம் அந்தக் காப்புரிமையை நேற்றுதான் வாங்கியிருக்கலாம். நடுவரின் பழைய தொடர்பு, விற்றவரோடு இருக்கலாம்.

கண்டுபிடிப்பாளர்களின் பெயர்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நடுவர் பேராசிரியராக இருந்தால், அந்தக் கண்டுபிடிப்பாளர் அவருடைய பழைய மாணவராகவோ கட்டுரையின் இணை ஆசிரியராகவோ இருக்க வாய்ப்பு உண்டு.

காப்புரிமை விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்த நிறுவனம். வழக்கை நடத்தும் வழக்கறிஞர்கள் வேறு, விண்ணப்பித்தவர்கள் வேறு. இரண்டும் வேண்டும்.

முக்கிய உரிமதாரர்கள், சாட்சிகள், இரு பக்க நிபுணர்கள், வழக்குக்குப் பணம் போடும் மூன்றாம் தரப்பு. கடைசியாகச் சொன்னது விருப்பம் அல்ல, கடமை: ஐசிசி எனப்படும் சர்வதேச வணிக சபையின் 2021 விதிகளில் 11-வது பிரிவு, வழக்கின் முடிவில் பொருளாதார நலன் கொண்ட நிதியளிப்பவர் யார் என்பதைத் தெரிவிக்கச் சொல்கிறது.

பதிப்புரிமை வழக்கானால், ராயல்டி வசூலிக்கும் சங்கங்களையும் சேருங்கள். நடுவரே எழுத்தாளராகவோ இசைக் கலைஞராகவோ இருந்து அதே சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம்.

படி 3: நடுவராக அழைக்கப்போகிறவரோடு பேசும்போது

பேசலாம், ஆனால் எல்லை உண்டு. அவருடைய தகுதி, நேரம், தொடர்புகள், தலைமை நடுவராக யார் பொருந்துவார் என்பது வரை கேட்கலாம். வழக்கின் சாரத்தைப் பற்றி அவர் கருத்தைக் கேட்கக் கூடாது. “இந்த மாதிரி உரிமைக்கோரலைச் செல்லாது என்று நீங்கள் சொல்வீர்களா?” என்ற கேள்வி வந்த அந்த நொடியே அவர் உங்களுக்குப் பயன்படாதவர் ஆகிவிடுகிறார். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் நடுவர் விதிகளும் இந்த எல்லையைத்தான் வகுக்கின்றன. ஒருமுறை நியமனம் ஆனபின் தனியாகப் பேசுவது முற்றிலும் நிற்க வேண்டும்.

வாயால் பேசியதை அன்றே எழுதி வையுங்கள்: தேதி, யார் யார் இருந்தார்கள், என்னென்ன தலைப்புகள். அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. உணவகச் சந்திப்பு வேண்டாம். பணம் யார் கொடுத்தது என்பது பிறகு ஒரு கேள்வியாக முளைக்கும்.

படி 4: நீங்களே தேடுங்கள்

நடுவர் சொல்வார் என்று காத்திருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஐபிஏ எனப்படும் சர்வதேச வழக்கறிஞர் சங்கம் நல முரண்கள் (சொந்த நலனும் கடமையும் மோதும் நிலைகள்) பற்றி 2004-ல் வழிகாட்டுதல்களை வெளியிட்டு 2014-லும் 2024-லும் திருத்தியது. அவை சட்டம் அல்ல. ஆனாலும் நீதிமன்றங்களும் நடுவர் நிறுவனங்களும் அடிக்கடி எடுத்துப் பார்க்கின்றன. 2024 திருத்தத்தின்படி, நியாயமான தேடலில் கிடைத்திருக்கக்கூடிய தகவல் உங்களுக்குத் தெரிந்ததாகவே கருதப்படும். ஒரு தகவல் தெரிந்த பிறகு 30 நாளுக்குள் வாய் திறக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: இணையத்தில் கிடக்கும் ஒன்றைத் தேடாமல் விட்டு, தோற்ற பிறகு கொண்டுவந்தால் எடுபடாது.

காப்புரிமைத் தரவுத்தளங்களில் நடுவரின் பெயரை மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்: கண்டுபிடிப்பாளராக, உரிமையாளராக, விண்ணப்பத்தைத் தாக்கல் செய்த பிரதிநிதியாக. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனட், வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப் இரண்டும் இலவசம். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறுபாடுகளையும், முதலெழுத்து மட்டும் உள்ள வடிவத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அடுத்து, தொழில்நுட்பத் தரநிலை அமைப்புகளின் கூட்டப் பங்கேற்பாளர் பட்டியல், ஆய்வுக் கட்டுரைகளின் நன்றிக் குறிப்பு, சட்ட நிறுவனத்தின் பழைய இணையப் பக்கம். கட்டுரையின் அடியில் இருக்கும் “இந்த ஆய்வுக்கு நிதியுதவி” என்ற ஒரு வரி, பத்துப் பக்கச் சுயவிவரம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

தேடிய தேதி, பயன்படுத்திய சொற்கள், கிடைத்தவை எல்லாவற்றையும் கோப்பில் வைத்துவிடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் வையுங்கள்.

படி 5: வெளிப்படுத்தும் அறிக்கை, நடுவரின் பக்கம்

அழைப்பு வந்தவருக்கு இந்தப் படிதான் உயிர்நாடி. விதி எளிது: சொல்லலாமா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தாலே சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மோசமான அறிக்கை:

“எனது சட்ட நிறுவனம் கடந்த காலத்தில் எதிர்மனுதாரர் குழுமத்துக்குச் சில சேவைகள் வழங்கியிருக்கலாம். இது எனது நடுநிலையைப் பாதிக்காது.”

இதைப் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. சந்தேகம் மட்டும் வளர்கிறது. “இருக்கலாம்” என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தமா, சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தமா? அதே தகவலை இப்படி எழுதலாம்:

“எனது நிறுவனத்தின் வேறொரு அலுவலகம் 2021 முதல் 2022 வரை எதிர்மனுதாரரின் துணை நிறுவனம் ஒன்றுக்காக மூன்று வணிக முத்திரை விண்ணப்பங்களைத் தாக்கல் செய்தது. அந்தப் பணி முடிந்துவிட்டது. அதன் கட்டணம் நிறுவனத்தின் அந்த ஆண்டு வருவாயில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நான் அதில் ஈடுபடவில்லை, கோப்பைப் பார்த்ததும் இல்லை. அந்த முத்திரைகளுக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை. எனது நிறுவனத்தின் நல முரண் பதிவேட்டில் இணைக்கப்பட்டுள்ள பட்டியலின் எல்லாப் பெயர்களையும் தேடினேன்.”

யார், எப்போது, என்ன வேலை, எவ்வளவு, முடிந்ததா, என் பங்கு என்ன, எங்கே தேடினேன் என்று ஏழும் இதில் இருக்கின்றன. படித்த வழக்கறிஞர் பெரும்பாலும் ஆட்சேபிக்க மாட்டார்.

வாடிக்கையாளர் ரகசியம் குறுக்கே வந்தால்? சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது, சொல்ல அனுமதியும் இல்லை. இதற்கு நடுவழி கிடையாது. வாடிக்கையாளரிடம் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் நியமனத்தை ஏற்காதீர்கள், ஏற்றிருந்தால் விலகுங்கள். ஐபிஏ-யின் 2024 வழிகாட்டுதல் சொல்வதும் இதுவே.

ஒரே சம்பவத்திலிருந்து கிளம்பும் பல வழக்குகளில் நியமனம் ஏற்பவர்களுக்கு ஹாலிபர்ட்டன் எதிர் சப் வழக்கு கட்டாயப் பாடம். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் வெடிப்பை ஒட்டிய காப்பீட்டுத் தகராறு அது. தலைமை நடுவர், அதே சம்பவம் தொடர்பாகப் பிற நியமனங்களையும் ஏற்றார். அவற்றில் ஒன்று இதே வழக்கின் காப்பீட்டு நிறுவனமான சப் கொடுத்தது. மறுபக்கமான ஹாலிபர்ட்டனுக்குச் சொல்லவில்லை. 2020-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது: சொல்லும் சட்டக் கடமை இருந்தது, அவர் அதில் தவறினார், ஆனால் அந்த வழக்கின் சூழ்நிலைகளில் ஒருதலைப்பட்சம் இருப்பதற்கான உண்மையான சாத்தியம் நிரூபணமாகவில்லை. இங்கிலாந்தின் 2025 நடுவர் சட்டம் இந்தக் கடமையை எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது.

அறிவுசார் சொத்தில் இந்த நிலைமை தினமும் வருகிறது. கைபேசித் தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமைகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் ஐந்து உற்பத்தியாளர்களோடு ஒரே நேரத்தில் ராயல்டி விகிதம் பற்றி மோதும். ஐந்திலும் ஒருவரையே நடுவராகப் பரிந்துரைக்கும். அவர் முதல் வழக்கில் ரகசிய உரிம ஒப்பந்தங்களின் விகிதங்களைப் பார்த்திருப்பார். இரண்டாம் வழக்கின் எதிர்த்தரப்புக்கு அவை தெரியாது. ஒரு பக்கம் எந்த வாதம் அவரிடம் எடுபட்டது என்று அறிந்து வருகிறது, இன்னொரு பக்கம் இருட்டில் வருகிறது. இதை நான் வெறும் சம்பிரதாயக் கோளாறாகப் பார்க்கவில்லை. ராயல்டி வழக்குகளில் சமநிலையைக் குலைக்கும் மிகப் பெரிய காரணம் இதுதான்.

படி 6: கிடைத்ததை எடைபோடுங்கள்

ஐபிஏ வழிகாட்டுதல்கள் உறவுகளை நிறம் பிரிக்கின்றன. சிவப்பில் இரண்டு வகை. விட்டுக்கொடுக்கவே முடியாதது: நடுவரே ஒரு தரப்பின் இயக்குநர், அல்லது அந்தத் தரப்புக்குத் தொடர்ந்து ஆலோசனை கூறி அதிலிருந்து கணிசமாகச் சம்பாதிப்பவர், அல்லது வழக்கின் முடிவில் பெரிய பண நலன் உள்ளவர். எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தாலும் அவர் உட்காரக் கூடாது. விட்டுக்கொடுக்கக்கூடியது: இதே தகராறு பற்றி முன்பு ஒரு தரப்புக்குக் கருத்து எழுதிக் கொடுத்தவர், பங்குச் சந்தையில் இல்லாத ஒரு தரப்பு நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் போன்றோர். எல்லாத் தரப்பும் முழு விவரம் அறிந்து வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மட்டும் தொடரலாம். இந்தியாவின் நடுவர் சட்டம் 2015 திருத்தத்தில் இந்தப் பட்டியல்களை ஒட்டியே ஐந்தாம், ஏழாம் அட்டவணைகளைச் சேர்த்தது. அங்கே ஏழாம் அட்டவணையின் தடையை விலக்க, தகராறு எழுந்த பிறகு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

காப்புரிமை உலகத்தில் “முன்பு கருத்து எழுதிக் கொடுத்தவர்” என்பதை அகலமாகப் படியுங்கள். அதே காப்புரிமைக் குடும்பத்தில் வேறொரு நாட்டுப் பதிவு செல்லுமா என்று ஐந்து ஆண்டுக்கு முன் கருத்துச் சொன்னவரை, எண் வேறு என்பதால் வெளியாள் என்று நினைக்க முடியாது. உரிமைக்கோரல் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே.

ஆரஞ்சு நிறத்தில் இருப்பவை கட்டாயம் சொல்ல வேண்டியவை. விலக்குவதா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் அதே தரப்பு இரண்டோ அதற்கு மேலோ முறை நியமித்திருந்தாலும், அதே வழக்கறிஞரோ சட்ட நிறுவனமோ மூன்றுக்கு மேற்பட்ட முறை நியமித்திருந்தாலும் இங்கே வரும். கப்பல், விளையாட்டு, சரக்கு வணிகம் போன்ற சிறு வட்டத் துறைகளில் திரும்பத் திரும்ப நியமிப்பது வழக்கம் என்று வழிகாட்டுதல்கள் ஒப்புக்கொள்கின்றன. அறிவுசார் சொத்துத் துறையும் அப்படித்தானே என்று நீங்களாக அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பச்சை நிறம் கவலைப்பட வேண்டாதது: சட்ட இதழில் பொதுவான கருத்து எழுதியது, ஒரே தொழில்சார் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது, சமூக வலைத்தளத்தில் வெறும் தொடர்பு, பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தில் அற்பமான பங்கு. ஆனால் பொதுக் கருத்து என்பது இந்த வழக்கைப் பற்றிய பிரச்சாரமாக மாறினால் ஆரஞ்சுக்கு ஏறிவிடும்.

பங்கு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1852-லேயே இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் (நீதித்துறையின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்) ஒரு கால்வாய் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததால், அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக அவர் கொடுத்த உத்தரவு ரத்தானது. பங்கு அவர் மனதைச் சாய்த்தது என்று எவரும் நினைக்கவில்லை என்று தீர்ப்பிலேயே சொல்லப்பட்டது. நடுவர் கண்டுபிடிப்பாளராக இருந்தால் ராயல்டியும் அப்படித்தான். போட்டித் தொழில்நுட்பத்தில் அவருக்குச் சொந்தக் காப்புரிமை இருந்து, இந்தத் தீர்ப்பு அதன் மதிப்பை ஏற்றவோ இறக்கவோ கூடுமானால், தரப்புகளோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்பது ஆறுதல் ஆகாது.

படி 7: ஆட்சேபிப்பது

கடிகாரம் இங்கே ஈவிரக்கம் இல்லாதது. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரால் வகுத்த மாதிரிச் சட்டத்தின் 13-வது பிரிவு, காரணம் தெரிந்ததிலிருந்து 15 நாள் தருகிறது. வைப்போ விதிகளும் 15 நாள். லண்டன் சர்வதேச நடுவர் நிறுவனத்தின் விதிகளில் 14 நாள். ஐசிசியில் 30 நாள். உங்கள் ஒப்பந்தம் எந்த விதியைச் சொல்கிறது என்பதை வழக்கு தொடங்கிய அன்றே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மனுவில் நான்கு பகுதிகள் போதும். என்ன உண்மை, எந்தத் தேதியில் எப்படித் தெரிந்தது, எந்த விதி, விவரம் தெரிந்த மூன்றாம் மனிதருக்கு ஏன் சந்தேகம் வரும். “தெரிந்த தேதி”க்குச் சான்று இணையுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அடிப்பது அங்கேதான். நடுவரின் குணத்தைத் தாக்காதீர்கள். அவர் நேர்மையற்றவர் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. அப்படி எழுதினால் இல்லாத சுமையை நீங்களே தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள்.

நீங்களே பரிந்துரைத்த நடுவரையும் ஆட்சேபிக்கலாம், ஆனால் நியமனத்துக்குப் பிறகு தெரிய வந்த காரணத்துக்கு மட்டுமே.

எது எடுபடாது? ஆவணக் கோரிக்கையை மறுத்தார், நேர நீட்டிப்பு தரவில்லை, நம் சாட்சியைக் கடுமையாகக் கேள்வி கேட்டார் என்பவை. இவை தோல்வியின் கசப்பு என்றே படும். திரும்பத் திரும்ப ஒரே பக்கம், காரணம் சொல்லாமல், மறுபக்கத்துக்குக் கொடுத்த அதே சலுகையை மறுத்து நடந்தால்தான் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்.

ஆட்சேபம் தள்ளப்பட்டால் மாதிரிச் சட்டப்படி 30 நாளில் நீதிமன்றம் போகலாம். நடுவர் மன்றம் அதற்குள் வழக்கைத் தொடரவும் செய்யலாம். சில நாடுகளில், இந்தியா உட்பட, சாதாரண ஆட்சேபக் காரணங்களுக்கு உடனே நீதிமன்றம் போக வழியில்லை. இறுதித் தீர்ப்பு வந்தபின் அதை ரத்து செய்யும் மனுவில்தான் கிளப்ப முடியும். அப்படியானால் ஒவ்வொரு கட்டத்திலும் “ஆட்சேபத்தைக் கைவிடவில்லை” என்று பதிவு செய்துகொண்டே பங்கேற்க வேண்டும். பேசாமல் தொடர்ந்தால் உரிமை போய்விடும்.

படி 8: வழக்கு நடக்கும்போது கண்ணை மூடாதீர்கள்

முதல் நாள் சுத்தமாக இருந்தது இருபதாம் மாதத்தில் கெட்டுப்போகலாம். நடுவரின் சட்ட நிறுவனம் இன்னொன்றோடு இணையும். ஒரு தரப்பை வேறொரு நிறுவனம் வாங்கும். விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பு எதிர்த்தரப்பு புதிய வழக்கறிஞரைக் கொண்டுவரும், அவர் தலைமை நடுவரின் பழைய பங்காளியாக இருப்பார். கடைசியாகச் சொன்னது தற்செயலாக இல்லாமலும் நடப்பதால்தான், ஐசிசியின் 2021 விதிகள் புதிய வழக்கறிஞரால் நல முரண் எழாமல் தடுக்க நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் தந்தன. முதல் நடைமுறை உத்தரவிலேயே “வழக்கறிஞர் மாற்றம் முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும்” என்று சேர்த்துவிடுங்கள்.

சமூக வலைத்தளப் பதிவும் தீர்ப்பைக் கவிழ்க்கும். சீன நீச்சல் வீரர் சுன் யாங் மீதான விளையாட்டு நடுவர் தீர்ப்பை 2020 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தலைமை நடுவர் முன்பு போட்ட ட்வீட்களில் சீனர்களைப் பற்றி இருந்த சொற்களே காரணம். வழக்கை வேறு நடுவர்கள் மறுபடி விசாரிக்க வேண்டியதாயிற்று.

நிபுணர்களுக்கும் இதே கண்டிப்பு தேவை. தரப்பு கூட்டிவரும் நிபுணர் அந்தத் தரப்பிடம் கட்டணம் வாங்குகிறார். அதில் மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் கட்டணம் வெற்றியைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. நடுவர் மன்றமே நியமிக்கும் நிபுணருக்கு நடுவருக்குரிய அதே வெளிப்படுத்தும் அறிக்கையைக் கேளுங்கள். மென்பொருளின் மூலக் குறியீட்டைப் பார்வையிடும் நிபுணர் என்றால் இன்னொரு பூட்டு வேண்டும்: வணிக ரகசியத்தைக் கண்ணால் பார்த்தவர், குறிப்பிட்ட காலத்துக்கு அதே துறையில் போட்டியாளருக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுத உதவக் கூடாது என்ற எழுத்து ஒப்பந்தம். பார்த்ததை மறக்கச் சொல்ல யாராலும் முடியாது, அதைப் பயன்படுத்தும் இடத்திலிருந்து விலக்கிவைக்கத்தான் முடியும்.

சமரசம் பேசியவரே பிறகு நடுவராக உட்காருவதும் ஆபத்து. தனித்தனி அறையில் “கடைசியாக எவ்வளவுக்கு ஒத்துக்கொள்வோம்” என்று அவரிடம் இரு தரப்பும் சொல்லியிருக்கும். எல்லோரும் எழுத்தில் சம்மதித்தாலொழிய வேண்டாம். சம்மதித்தாலும் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

தனி நபரைத் தாண்டி அமைப்பே கேள்விக்கு வரும்போது

காப்புரிமைத் தகராறு எல்லாம் நடுவரிடம் போவதில்லை. காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியங்களுக்கும் போகின்றன. அங்கே கேள்வி வேறு விதம். முடிவெடுத்த அலுவலகத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்டவர்களே அந்த முடிவைச் சரிபார்த்தால் அது சுதந்திரமா? ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் இது வெளிப்படையாக வெடித்தது. அங்குள்ள வாரியங்களுக்கெல்லாம் மேலான விரிவு மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர், அதே அலுவலகத்தின் துணைத் தலைவராக நிர்வாகப் பொறுப்பிலும் இருந்தார். 2014-ல் ஆர் 19/12 என்ற வழக்கில் இந்த இரட்டைப் பொறுப்பின் மீதான ஆட்சேபம் ஏற்கப்பட்டது. 2016-ல் வாரியங்களின் நிர்வாகம் சீரமைக்கப்பட்டது. 2017-ல் அவை மியூனிக் நகரத் தலைமையகத்தை விட்டு வெளியே ஹார் என்ற இடத்துக்கு மாறின. உங்கள் வழக்கு இப்படிப்பட்ட வாரியத்தின் முன் இருந்தால், உறுப்பினர் ஒவ்வொருவரும் முதல்கட்டப் பரிசோதனையில் இருந்தாரா என்பதைக் கோப்பிலிருந்து சரிபாருங்கள். பகுதிநேரத் தொழில்நுட்ப நீதிபதிகள் உள்ள நீதிமன்றங்களில், அவர்களின் மற்ற வேலை என்ன என்பதும் பட்டியலில் சேர வேண்டும்.

படி 9: தீர்ப்புக்குப் பிறகு

மாதிரிச் சட்டப்படி தீர்ப்பு கையில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் ரத்து மனு போட வேண்டும். இங்கிலாந்தில் 28 நாள் மட்டுமே. வேறு நாட்டில் நிறைவேற்றும்போது எதிர்க்க, 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ள 1958 நியூயார்க் ஒப்பந்தத்தின் 5-வது பிரிவில் இரண்டு கதவுகள் உண்டு: நடுவர் மன்றம் ஒப்பந்தப்படி அமையவில்லை என்பது ஒன்று, நிறைவேற்றுவது பொதுக்கொள்கைக்கு எதிரானது என்பது மற்றொன்று. இரண்டுமே குறுகல். வழக்கு நடக்கும்போது தெரிந்திருந்தும் ஆட்சேபிக்காதவருக்கு அவை ஏறக்குறைய மூடியே இருக்கும்.

வென்ற தரப்புக்கும் வேலை இருக்கிறது. வெளிப்படுத்தும் அறிக்கைகள், பெயர்ப் பட்டியல், படி 4-ல் செய்த தேடலின் பதிவு, எதிர்த்தரப்பு “ஆட்சேபம் இல்லை” என்று அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் கட்டி, நிறைவேற்ற மனு போடும் நாட்டின் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.